துப்பாக்கிக் கட்டை விரிந்தால், உடைந்தால்: வேலூர்ப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பழுதுக் கடையில் 28 ஆண்டுகளாக மரவேலை செய்கிறேன். குழல், விசை, ஸ்பிரிங் எல்லாம் முதலாளியின் மேசையோடு சரி. மரம் மட்டும் என் பக்கம் வரும். அப்பா குடியாத்தம் பக்கத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்தவர். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலும் உளியும் அவர் கொடுத்தவை. கடைக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை முதலாளியின் மகள் எழுதிவைக்கச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

கட்டை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரும்பைத் தாங்கும் மரம் முழுவதும் கட்டைதான். தோளில் பதிவது பின்கட்டை. பட் என்றாலும் புரியும். இலங்கைத் தமிழர்கள் சோங்கு என்பார்கள். குழலுக்கு அடியில் இடது கை பிடிப்பது முன்கட்டை. இரண்டுக்கும் நடுவில், விசைக்குப் பின்னால் வலது கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய இடத்தை நாங்கள் கழுத்து என்கிறோம். என்னிடம் வரும் பெரும்பாலான பழுது கழுத்தில்தான் இருக்கும். மரம் அங்கேதான் மெலிந்திருக்கிறது, அங்கேதான் இரும்புக்காக உள்ளே குடைந்திருக்கிறார்கள், சுட்டால் உதையும் அங்கேதான் போய் முட்டுகிறது.

கடைக்குக் கொண்டுவரும் முன் என்ன செய்ய வேண்டும்?

உரிமப் புத்தகத்தோடு உரிமதாரரே வர வேண்டும். மைத்துனரிடமோ தோட்டக்காரரிடமோ கொடுத்து அனுப்பினால் முதலாளி கதவுக்கு உள்ளேயே விட மாட்டார். கோபப்பட்டுப் பயனில்லை.

அதற்கும் முன்பு, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய, குழல்வாய் வழியாக வெடிமருந்து இடும் நாட்டுத் துப்பாக்கிகளில் இதுதான் பெரிய கண்டம். மருந்தும் குண்டும் இட்டு, பன்றி வராமல், அப்படியே பரணில் போட்டு, ஆண்டுக்கணக்கில் மறந்திருப்பார்கள். பார்த்தால் தெரியாது. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று, மருந்து இடிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளப்போம். கோல் காதுத்துளை (மருந்துக்குத் தீ போகும் பின்துளை) வரைக்கும் எட்டினால் காலி. நான்கு விரல்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படி இருந்தால் வீட்டில் கிண்ட வேண்டாம், முதலாளிக்குத் தகவல் சொல்லுங்கள்.

மரம்தானே? எங்கள் ஊர் ஆசாரியிடமே கொடுத்துவிடலாமே?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. ஆசாரியின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நானும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவன்தான். ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும் என்கிறது. 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே அது விளக்குகிறது. உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பதற்கான தண்டனை 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 ஆண்டு. நானும் என் பெயரில் இந்த வேலையைச் செய்யவில்லை, முதலாளியின் உரிமத்தின் கீழ், அவர் கடைக்குள், அவர் பதிவேட்டில் ஏறிய துப்பாக்கிக்குத்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்துதரச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

உங்கள் ஊர் ஆசாரி நல்லவராக இருந்தால் அவரைச் சிறைக்கு அனுப்பாதீர்கள்.

தேர்தலுக்காக ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதிலிருந்து கட்டை ஆடுகிறது. ஏன்?

எங்கள் தொழிலுக்குத் தேர்தல்தான் தீபாவளி. அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்கிறார்கள். முடிவுகள் வந்து பத்து நாளில் எங்கள் வாசலில் வரிசை. ஒரு முறை ஒரு காவல் நிலையத்தில் வைத்திருந்த என் வாடிக்கையாளரின் இரட்டைக்குழல், சுவரில் சாய்த்திருந்த வேறு ஏழெட்டோடு சேர்ந்து சரிந்திருக்கிறது. அடியில் கிடந்தது அவருடையது. கழுத்தில் நீளமாக ஒரு கீற்று. யாரைக் குற்றம் சொல்வது? அங்கே வைத்திருந்தவர்களுக்குத் துப்பாக்கி ஒரு டோக்கன் நம்பர்.

ஆனால் எல்லா ஆட்டமும் விழுந்ததால் வருவதில்லை. வேலூர் வெயிலை நினைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர். மரத்திலிருக்கும் ஈரம் வெளியேறி மரம் சுருங்குகிறது, இரும்பு சுருங்குவதில்லை, திருகு தளர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்ததும் மரம் ஊதுகிறது. இப்படிச் சுருங்கி ஊதிச் சுருங்கிய கட்டையைத் தளர்ந்த திருகோடு சுட்டால், ஒவ்வொரு உதையிலும் இரும்பு மரத்தைச் சுத்தியலாக அடிக்கும். ஆகவே கத்திரி வெயிலில் ஒரு முறையும் மழை முடிந்து ஒரு முறையும் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுகும் அளவுக்குத் திருப்பினால் போதும். பலத்தைக் காட்டி முறுக்கினால் அதுவே மரத்தை நசுக்கும்.

துப்பாக்கியை உறையில் போட்டு வெயிலில் நிற்கும் ஜீப்பில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

எந்த விரிசல் ஆபத்து, எது பரவாயில்லை?

பட் நுனியில் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அழகுக் குறைதான். முன்கட்டை நுனியில் மயிரிழை போல ஓடும் கீற்று பெரும்பாலும் மரம் காய்ந்ததால் வந்தது, கவனித்துக்கொண்டிருந்தால் போதும்.

கழுத்தில் எந்த விரிசல் இருந்தாலும் சுடுவதை நிறுத்திவிடுங்கள். இரும்பின் வாலுக்கு, அதாவது இரும்புக் கூட்டிலிருந்து கழுத்துக்குள் பின்னோக்கி நீளும் நாக்குக்கு, பின்னால் மரம் சற்றே பிளந்து, V எழுத்தைப் போல இரண்டு கீற்றுகள் ஓடினாலும் அப்படியே. விரிசல் உள்ளதா என்று சந்தேகமாக இருந்தால், குளியலறையிலிருந்து கொஞ்சம் முகப்பவுடரை எடுத்துத் தடவித் துடைத்துவிட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய கோடு வெள்ளையாக எழுந்து நிற்கும். இரண்டு கையாலும் மெல்ல முறுக்கும்போது 'கிர்' என்று ஒலி வந்தால் உள்ளே பிளவு இருக்கிறது.

எங்கள் கடையில் விரிசலைப் பார்த்தவுடன் ஒட்ட உட்காருவதில்லை. முதலில் அது ஏன் வந்தது என்று தேடுவோம். கீழே விழுந்ததா, திருகு தளர்ந்ததா, எண்ணெயில் ஊறியதா, முன்பு கட்டை போட்டவர் வாலுக்குப் பின்னால் இடம் விடாமல் அடைத்துவிட்டாரா. கடைசியாகச் சொன்னதை நம்புவதற்கு ஆட்கள் கஷ்டப்படுகிறார்கள். இரும்பின் வால் மரத்தோடு ஒட்டி நெருக்கமாக உட்கார்ந்திருந்தால் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். உதை வாங்க வேண்டிய முகம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கேதான் மரமும் இரும்பும் முழுதாகப் பொருந்த வேண்டும். வாலின் பின்விளிம்பில் கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம் அளவு இடைவெளி வேண்டும். இல்லையென்றால் வால் ஆப்பாகிவிடும். விறகு பிளக்கிறவர்களுக்கு ஆப்பு என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டுமா?

பெவிகால் ஊற்றிக் கயிற்றால் கட்டிவைத்தேன். மறுபடியும் விட்டுவிட்டது.

விடத்தான் செய்யும். பெவிகால் நல்ல பசை. மேசைக்கும் கட்டிலுக்கும் நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். சுத்தமான, புதிதாக இழைத்த மரத்தை நெருக்கிப் பிடித்து வைத்தால் நன்றாகப் பிடிக்கும். துப்பாக்கிக் கட்டையின் விரிசலுக்குள் இருப்பது பழைய எண்ணெய், தூசி, மருந்துக் கரி. அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. பழைய காலத்தில் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரப் பசையைச் சுடச்சுட ஊற்றி ஒட்டினார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அது இளகும். இப்போது கழுத்து வேலைக்கு இரண்டு டியூப் எபாக்சி மட்டுமே, அதுவும் மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை விரிசலின் அடிவரை போகும் முன்பே கட்டியாகிவிடும்.

உடனடிப் பசையைச் சொட்டிவிட்டுக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது விரிசலின் வாயை மட்டும் அடைத்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பதற்கே அரை நாள் போய்விடுகிறது.

எண்ணெய் ஊறிய மரத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

இதற்குப் பொறுமை தவிர வேறு மருந்து இல்லை. இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணெய் விட்டு, துப்பாக்கியைப் பட் கீழே வரும்படி நிறுத்திவைப்பார்கள். எண்ணெய் இறங்கி இறங்கி, கழுத்துக்கு உள்ளே மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும்.

சாக் பவுடரைத் தின்னரில் குழைத்து, இட்லி மாவுப் பதத்தில், கறுத்த இடத்தின்மேல் விரல் கனத்துக்கு அப்புவேன். தின்னர் மரத்துக்குள் போய் எண்ணெயைக் கரைக்கும், காயும்போது எண்ணெயைத் தூக்கிக்கொண்டு சாக் பவுடருக்குள் வரும். வெள்ளை மாவு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். உதிர்த்துவிட்டு மறுபடியும் அப்ப வேண்டும். ஐந்தாறு முறை ஆகலாம். ஒரு ரைபிளுக்குப் பதினொரு முறை அப்பினேன். அதற்கு முன்பு அது ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டில் இருந்தது, பொருத்தம்தான். வேலையைத் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். முடிந்ததா என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. மரம் குடித்துவிட்டால் ஒட்டலாம்.

இனிமேல் துப்பாக்கியைக் குழல்வாய் கீழே வரும்படி சாய்த்து வையுங்கள், அல்லது படுக்கவையுங்கள். எண்ணெய் என்பது துணியில் தொட்டுத் துடைக்கும் அளவுதான்.

கழுத்து விரிசலை நீங்கள் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

இரும்பு முழுவதையும் கழற்றிய பிறகுதான் என் வேலை. விரிசலுக்குள் மூங்கில் சீவலை ஆப்பாக வைத்து, அரிசி மணி அளவு மட்டும் திறப்பேன். அதற்கு மேல் திறந்தால் பாதி விரிசல் முழு விரிசலாகிவிடும். சேலை நூலை முறுக்கித் தின்னரில் நனைத்து விரிசலுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் உள்ளே இருக்கும் அழுக்கு நூலோடு வரும். நூல் வெள்ளையாக வரும்வரை.

அடுத்து, விரிசலைச் சுற்றி வெளிப்பக்கம் மெழுகு தடவிவிடுவேன்; வழியும் பசை பழைய பாலிஷில் ஒட்டாமல் இருக்க. எபாக்சியைக் காலை எட்டு மணிக்கு முன்பே கலக்க வேண்டும். சித்திரை மதியத்தில் கலந்தால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். கொஞ்சம் இளஞ்சூட்டில் வைத்தால் தேன்போல ஓடும். அதை விரிசலின் மேல் ஊற்றிவிட்டு, சைக்கிள் பம்பின் குழாயை ஒரு முனையில் வைத்து மெல்லக் காற்றடிப்பேன். மறு முனையில் பசை குமிழி விட்டு எட்டிப்பார்த்தால் அடிவரை போய்விட்டது என்று அர்த்தம். ஆப்பை எடுத்துவிட்டு, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்து இழுத்து வரிவரியாகச் சுற்றுவேன். கழுத்து உருண்டையானது, இரும்புக் கிளாம்ப் அங்கே சரியாக உட்காராது. ரப்பர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நெருக்கும். காலை சுற்றினால் மறுநாள் காலைதான் அவிழ்ப்பேன்.

இதோடு விட்டால் பாதி வேலை. பிறகு விரிசலுக்குக் குறுக்கே, இரும்பு உட்காரும் குடைவுக்கு உள்ளேயிருந்து சாய்வாக ஒரு துளை போட்டு, மரை வெட்டிய பித்தளைக் கம்பியை எபாக்சியில் தோய்த்து இறக்குவேன். மரையின் பற்களில் பசை பிடித்துக்கொள்ளும். வெளியே கம்பி தெரியாது. தெரிந்தே தீர வேண்டிய இடமென்றால், அதே மரத்தில் சீவிய சிறு முளையால் மூடுவேன். இரும்புக் கம்பி போட்டால் துருவேறி மரம் கறுக்கும். போன தலைமுறையில் போட்ட இரும்பு ஆணிகளைப் பிடுங்குவதும் என் தொழிலில் சேர்ந்துவிட்டது.

நன்றாகச் செய்த ஒட்டு, மரத்தைவிடப் பலமாக இருக்கும். அடுத்த முறை விழுந்தால் வேறு இடத்தில் உடையும்.

.315 ரைபிளின் பின்கட்டை ஆடுகிறது. பின்னாலிருந்து போல்ட்டை முறுக்கலாமா?

முறுக்காதீர்கள்! மேற்கு வங்கத்தின் இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315 ரைபிள்கள், பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு அமைப்பில் வந்தவை. அவற்றில் கட்டை இரண்டு துண்டு. பட் தட்டின் பக்கத்திலிருந்து நீளமான துளை ஒன்று உள்ளே போகும். அதன் ஆழத்தில் இருக்கும் பெரிய போல்ட்தான் பின்கட்டையை இரும்புக் கூட்டோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த போல்ட்டின் முன்நுனி சதுரமாகச் செதுக்கப்பட்டு, கூட்டைத் தாண்டி முன்கட்டையின் பின்புறத்தில் போய் உட்காரும், தானாகச் சுழன்று தளராமல் இருக்க. முன்கட்டையைக் கழற்றாமல் பின்னாலிருந்து முறுக்கினால் அந்தச் சதுரம் சுழன்று முன்கட்டையை உள்ளேயிருந்து பிளந்துவிடும்.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஆட்டத்தைச் சரிசெய்யக் கால் சுற்று முறுக்கியிருக்கிறார். ஆட்டம் நின்றது. முன்கட்டை இரண்டாகியது. நீளமான ஸ்க்ரூடிரைவர் வாங்குவதற்காகச் சென்னை வரை போய்வந்ததாகச் சொன்னார்.

கழற்றும்போது முதலில் முன்கட்டை, பிறகு போல்ட். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை இறுக்கி, சதுரத்தின் பக்கங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து, அதன்பிறகே முன்கட்டை. மரம் சுருங்கிக் கூட்டுக்குள் தளர்வாக இருந்தால், போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. அதற்கு மெல்லிய மரச்சீவலைப் பக்கத்தில் ஒட்டிப் பொருத்துவோம்.

பட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. செதுக்கி எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஈரத்துணியை நான்காக மடித்துப் பள்ளத்தின்மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் 'ஸ்ஸ்' என்று அழுத்துங்கள். நசுங்கிய இழைகள் நீராவியைக் குடித்து எழுந்துவிடும். இரண்டு மூன்று முறையில் பள்ளம் போய்விடும். இழை அறுந்திருந்தால் எழாது. அதற்குத்தான் ஒட்டுத் துண்டு. பக்கத்தில் பாலிஷ் வெளுக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது புதுக் கட்டை போடச் சொல்வீர்கள்?

முடிந்தவரை சொல்ல மாட்டேன். புதுக் கட்டை போட்டால் எனக்குக் கூலி அதிகம்தான். ஆனாலும் பழைய மரம் ஐம்பது, அறுபது ஆண்டு காய்ந்து நிலைத்தது. இன்று மரவாடியில் வாங்கும் மரம் அந்த நிலைக்கு வர என் ஆயுள் போதாது. கழுத்தில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தாலும், எண்ணெயில் மரம் பஞ்சாகியிருந்தாலும், கரையானோ உளுவோ உள்ளே ஓடியிருந்தாலும் மட்டும் மாற்றச் சொல்வேன். உளு பிடித்ததற்கு அடையாளம், காலையில் கட்டைக்கு அடியில் கோலமாவு போல விழுந்திருக்கும் பொடி.

புதுக் கட்டைக்கு எந்த மரம் நல்லது?

உலகம் முழுவதும் கேட்டால் வால்நட் என்பார்கள்; நம்மிடம் அது காஷ்மீரின் அக்ரூட். லேசு, உறுதி, உளிக்கு வெண்ணெயாக வெட்டும், காய்ந்தபின் திருகாது. கிடைத்தால் அதையே போடுங்கள். வடநாட்டுத் துப்பாக்கிக் கட்டைகளில் சிசு மரமும் நிறைய. கனமானது, ஆனால் நம்பலாம்.

தேக்குதான் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம், வீட்டு வாசல்கால் தேக்கு, கட்டிலும் தேக்கு என்கிற பெருமையில். தேக்கு கரையானுக்குத் தப்பும், திருகாது. ஆனால் இழை வாக்கில் சட்டென்று பிளக்கும், எண்ணெய்ச் சத்து இருப்பதால் பசை தயங்கும், உளியின் முனையைத் தின்னும். 12 போர் துப்பாக்கியின் உதைக்குத் தேக்குக் கழுத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் பக்கத்து மரங்களில் என் மனத்துக்குப் பிடித்தது பூவரசு. ஏரிக்கரையில் கேட்பாரற்று நிற்கும், மஞ்சள் பூ பூக்கும், பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதும். வண்டிச் சட்டத்துக்கு அப்பா அதைத்தான் தேடுவார். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், எளிதில் பிளக்காது. நாட்டுத் துப்பாக்கிக் கட்டைக்கு அந்தக் காலத்திலிருந்தே பூவரசு போட்டிருக்கிறார்கள். நிறமும் காய்ந்தபின் சாக்லேட் பழுப்பு. நேரான, பெரிய துண்டு கிடைப்பதுதான் அரிது. வாகையும் பரவாயில்லை. வேம்பு காயும்போதே வெடிக்கும். மாமரம் உளுவுக்குப் பந்தி.

ஈட்டி மரம் அழகு, உறுதி. ஆனால் அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பில்லோடு வந்தால் மட்டுமே தொடுவேன்.

எந்த மரமாக இருந்தாலும், ஒரு அங்குல கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும். துண்டின் இரண்டு முனைகளிலும் மெழுகு பூசிவிட்டால் முனை வெடிக்காது. கட்டையை வரைந்து வெட்டும்போது, மர இழை கழுத்தின் வழியாக நேராக ஓட வேண்டும். இழை கழுத்தைக் குறுக்கே கடந்து வெளியேறினால் அங்கே உடையும், மரம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும்.

செம்மரத்தில் செய்து தருவீர்களா?

இந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! மாட்டேன். பாதுகாக்கப்பட்ட மரம், காகிதம் இல்லாத செம்மரம் என்றால் வழக்கு. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை எங்கள் பக்கத்து மலை ஊர்களில் யாரும் மறக்கவில்லை. சட்டத்தை விடுங்கள், தண்ணீரில் போட்டால் மூழ்கும் மரத்தைத் தோளில் சுமந்து எதற்கு நடக்க வேண்டும்?

இரும்பை மரத்துக்குள் அவ்வளவு துல்லியமாக எப்படிப் பொருத்துகிறீர்கள்?

கண்மையால். கேலி இல்லை. விளக்கெண்ணெய் தீபத்தின் கரியை அதே எண்ணெயில் குழைத்தால் வரும் அதே மை. அதை இரும்பின் அடிப்பாகத்தில் மெல்லிசாகத் தடவி, குடைவுக்குள் இறக்கி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டி எடுப்பேன். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் இரும்பு முட்டுகிறது. அந்தக் கறுப்பை மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடியும் மை, மறுபடியும் இறக்கு, மறுபடியும் சீவு. முதலில் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டும் மை, போகப் போகப் பத்து இடத்தில், கடைசியில் குடைவு முழுவதும் சாம்பல் பூத்தாற்போல ஒரே சீராக ஒட்டும். ஒரு கட்டைக்கு இருநூறு தடவைக்கு மேல் இறக்கி ஏற்றியிருப்பேன், எண்ணிக்கொண்டதில்லை. அவசரத்தில் ஒரு சீவு கூடப் போனால் பிறகு எபாக்சி வைத்து நிரப்ப வேண்டும். இப்போது பலர் ஆரம்பத்திலேயே பெரிதாகக் குடைந்துவிட்டு எபாக்சியில் இரும்பைப் பதித்துவிடுகிறார்கள். உதை தாங்கும் முகத்தில் அது நன்மைதான், நானும் செய்கிறேன். குடைவு முழுவதையும் அப்படி நிரப்புவதை மரவேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீளம் எப்படித் தீர்மானிப்பது?

முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, பட் நுனியை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசையைத் தொட்டால் உத்தேசமாகச் சரி. விசையிலிருந்து பட் வரை பெரும்பாலானவர்களுக்கு 13 முதல் 14 அங்குலம். பழைய லீ-என்ஃபீல்டுகளில் சிப்பாயின் உயரத்துக்குத் தக்கபடி குட்டை, நடுத்தரம், நீளம் என்று பட் வைத்திருந்தார்கள், எழுத்து குத்தியிருக்கும். அறுத்துக் குறைப்பது சுலபம், கூட்டுவது சிரமம். ஆகவே கால் அங்குலம் மிச்சம் வைத்து ஆரம்பிப்போம்.

பாலிஷுக்கு என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் போடலாமா?

தேங்காய் எண்ணெய் தலைக்கு, கடலை எண்ணெய் தாளிப்புக்கு. இரண்டும் மரத்தில் காயாது. பிசுபிசுத்து, தூசி ஒட்டி, சிக்கு வாடை அடிக்கும். கட்டைக்குக் காயும் எண்ணெய் வேண்டும், அதாவது ஆளி விதை எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள், காய்ச்சியதையே வாங்குங்கள். பச்சை எண்ணெய் காய்வதற்குள் பொங்கல் வந்துவிடும்.

உப்புத்தாளால் மழமழப்பாகத் தேய்த்தபின் ஈரத்துணியால் துடையுங்கள். படுத்த இழைகள் மீசைபோல எழும், காய்ந்ததும் மறுபடியும் தேயுங்கள். முதல் பூச்சில் எண்ணெயோடு பாதி டர்பன்டைன். பிறகு விரல் நுனியில் இரண்டு சொட்டு, உள்ளங்கை சூடாகும்வரை தேய்ப்பு, மிச்சத்தைத் துடைப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பன்னிரண்டு முறை. தடிமனாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக நிற்கும்.

இன்னொன்றை மறக்காமல் கேளுங்கள். அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காய்கிறபோது அது தானாகச் சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் ஒரு மே மாதத்தில் குப்பைக் கூடையிலிருந்து புகை வந்து, மண் அள்ளிப் போட்டு அணைத்தோம். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் மூழ்கவையுங்கள்.

பளபளப்பாக வேண்டும் என்பவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ் கேட்பார்கள். கண்ணாடிபோல இருக்கும். வியர்வையும் மழையும் பட்டால் வெளுக்கும். அலமாரியில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சரி.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதால் கெடுதலா?

வையுங்கள், யார் தடுத்தார்கள்? மரத்தில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். மறுநாள் காலையே துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் நான்கு நாள் கிடந்தால் அடியில் வெள்ளை வட்டம் விழும். குங்குமம் எண்ணெய்ப் பூச்சுக்குள் இறங்கினால் அந்தச் சிவப்பு என் உப்புத்தாளுக்கும் அடங்காது. தேய்ந்த இரண்டு சிவப்புப் பொட்டோடு ஒரு இரட்டைக்குழல் வருடா வருடம் வருகிறது. அவர் வீட்டம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி. கட்டையைப் புதிதுபோல ஆக்கித் தருவீர்களா?

ஆக்க முடியும், ஆக்க வேண்டாம் என்பேன். கட்டையில் குத்தியிருக்கும் முத்திரை, எழுத்து, தேய்ந்த கைப்பிடி, இவை போனால் மிஞ்சுவது வெறும் மரம். உப்புத்தாள் போட்டு முத்திரையை அழித்த பிறகு மதிப்பு கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? வெதுவெதுப்பான துணியால் அழுக்கைத் துடைத்து, விரிசலைச் சேர்த்து, மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. அவ்வளவே. நூறு ஆண்டைத் தாண்டியதாகத் தோன்றினால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வரும், கைவைக்கும் முன் முதலாளியிடம் பேசுங்கள். இந்த ஊரில் பாதிப் பேர், தங்கள் வீட்டுத் துப்பாக்கி 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் நடந்த புரட்சியில் சுட்டது என்கிறார்கள். கொண்டுவந்து பார்த்தால் பின்னாலிருந்து தோட்டா போடுவதாக இருக்கும்; அன்றைய சிப்பாயின் துப்பாக்கியோ குழல்வாய் வழியாக மருந்து இடுவது!

ஏர் ரைபிள் கட்டைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மரம் மரம்தான். 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைபிளை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஸ்பிரிங் வகையில் உதை பின்னாலும் முன்னாலும் இரண்டு பக்கமும் போகும். ஆகவே முன்திருகுகள் தளர்ந்து, துளையிலிருந்து விரிசல் கிளம்பும். துளையை எபாக்சியில் நிரப்பிப் புதிதாகத் துளைத்து, திருகுத் தலைக்குக் கிண்ண வாஷர் போட்டால் பிரச்சினை தீர்ந்தது.

எத்தனை நாள் ஆகும்?

ஒட்டு வேலை ஒரு வாரம். எண்ணெய் ஊறியது என்றால் மூன்று வாரம். புதுக் கட்டை இரண்டு மாதம். மழைக்காலத்தில் பாலிஷ் காயாது, அதற்குத் தனியாகப் பதினைந்து நாள். பொழுதோடு முடித்துத் தாருங்கள் என்று வாசலில் உட்காருகிறவர்களுக்கு டீ மட்டும் வாங்கித் தருவேன்.

உடைந்த பழைய கட்டையைத் திருப்பித் தருவீர்களா?

கேட்டால் தருவோம். விட்டுவிட்டுப் போனால் கழுத்தை வெட்டி எறிந்து, பட் பகுதியின் நல்ல மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, எந்த மரம், என்ன நிறம் என்று பென்சிலால் எழுதித் தகர டப்பாவில் போட்டுவைப்பேன். உங்கள் கட்டையில் ஒரு சில்லு பெயர்ந்து வரும்போது, நிறமும் ரேகையும் பொருந்துகிற துண்டை அந்த டப்பாவில்தான் தேடுவேன். போன மாதம் வாலாஜாக்காரர் ஒருவரின் பட்டில் வைத்த ஒட்டுத் துண்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கரையான் அரித்து வந்த வேறொருவரின் அக்ரூட் கட்டையிலிருந்து எடுத்தது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர் கேட்டார். வெயிலில் பிடித்து இரண்டு முறை திருப்பிப் பார்த்துத்தான் நானே காட்ட முடிந்தது.